இலங்கை மலையகத்தில் சாப்பாட்டுச் சாமான் லொறியில் வேலைக்குச் சேர நினைக்கும் பெண்கள் கேட்கும் கேள்விகள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கடைகளுக்கு அரிசி, மா, சீனி, பருப்பு கொண்டுபோகும் லொறியில் ஏழு வருஷமாக வேலை செய்கிறேன். முதல் இரண்டு வருஷம் உதவியாளர், அப்புறம் சாரதி. சாமான் இறக்கும்போது கடை வாசலில் நிற்கும் பிள்ளைகள் கேட்பார்கள். ராத்திரியில் போன் எடுத்தும் கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"அக்கா, இதுல உண்மையா என்ன வேலை? லொறி ஓட்டுறது மட்டும்தானா?"

ஓட்டுவது பாதி வேலைகூட இல்லை. காலையில் ஸ்டோருக்குப் போய் பில்லைப் பார்த்து சாமானை எண்ணி ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு கடையாக நிறுத்தி இறக்கி, கடைக்காரர் முன்னால் எண்ணிக் காட்டி, கையெழுத்து வாங்கி, காசோ செக்கோ வாங்கி, காலாவதியான பிஸ்கட்டையும் உடைந்த பெட்டியையும் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு நாளில் பதினைந்து, இருபது கடை வரும். ஏறி இறங்குவதிலேயே முழங்கால் களைத்துவிடும்.

இதே தொழிலில் வேறு வகைகளும் உண்டு. நுவரெலியா, கெப்பட்டிபொல பக்கத்திலிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கோ பேலியகொடை மெனிங் சந்தைக்கோ போகும் மரக்கறி லொறிகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடும். யோகட், கோழி இறைச்சி கொண்டுபோகும் கூலர் லொறியில் சுமை குறைவு, நேரக் கண்டிப்பு அதிகம். புதிதாக வரும் பெண்ணுக்கு நான் சொல்வது பகல் விநியோகம்தான். ஒரே பாதை, ஒரே கடைகள். மூன்று மாதத்தில் உங்களை எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பழக்கமே பெரிய பாதுகாப்பு.

"எனக்கு அவ்வளவு பலம் இல்ல. 50 கிலோ மூட்டைய நான் எப்படித் தூக்குறது?"

தனியாகத் தூக்க வேண்டாம். ஆண்களும் தனியாகத் தூக்கக் கூடாது. பிரிட்டனில் தொழில் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரச அமைப்பு ஒரு அளவு வைத்திருக்கிறது. இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்கும்போது பெண்ணுக்கு 16 கிலோ, ஆணுக்கு 25 கிலோ. தரையிலிருந்து எடுத்தாலோ தோளுக்கு மேலே உயர்த்தினாலோ அதற்கும் குறைவு. அப்படிப் பார்த்தால் 50 கிலோ சீனி மூட்டை ஆணுக்கே இரட்டிப்புச் சுமை. நம் ஊரில் எல்லாரும் தூக்குகிறார்கள் என்பதால் அது சரியான சுமை ஆகிவிடாது.

என் கதையைச் சொல்கிறேன். சேர்ந்த நாலாம் நாள், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு கடை. வாசலில் நாலைந்து ஆண்கள் நின்று பார்த்தார்கள். "இந்தப் பொண்ணு தூக்குமா?" என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கூட வந்த அண்ணன் "இரு தங்கச்சி, ரெண்டு பேராப் பிடிப்போம்" என்று சொல்லச் சொல்ல, கீழே கிடந்த மா மூட்டையைக் குனிந்து இழுத்துத் தூக்கினேன். தூக்கிவிட்டேன். மூன்றாவது அடியில் இடுப்பில் ஏதோ பிடித்தது. மூச்சு விட முடியவில்லை. மூட்டையை இறக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். மூன்று நாள் பாயில் கிடந்தேன். அந்த மூன்று நாளுக்குச் சம்பளம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வந்து விசாரிக்கவில்லை. அவர்களுக்குக் காட்டுவதற்காகத்தான் அதைத் தூக்கினேன்.

ஆகவே முதலில் சொல்வது: நிரூபிப்பதற்காகத் தூக்காதீர்கள். தூக்கும் முறையை நாட்டாமைமாரை, அதாவது மூட்டை சுமக்கும் கூலியாட்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் மூட்டையைத் தரையிலிருந்து எடுப்பதே இல்லை. லொறித் தட்டின் ஓரத்துக்கு மூட்டையை இழுத்து வைப்பார்கள். திரும்பி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மேல் முதுகில் வாங்குவார்கள். இறக்கும்போதும் மேசை உயரத்தில் ஒரு தட்டில் சாய்ப்பார்கள். எங்கள் லொறியில் ஒரு கைத்தள்ளுவண்டியும் ஆறடிப் பலகையும் எப்போதும் இருக்கும். பலகையைச் சாய்த்து வைத்து மூட்டையைச் சறுக்கி விட்டால் பாதி வேலை முடிந்தது.

"நான் கொழுந்து எடுத்தவ. கூடை சுமந்த பழக்கம் இதுக்கு உதவுமா?"

உதவும், ஆனால் ஒரு இடத்தில் ஏமாற்றும். மழையில் வழுக்கும் மேட்டில் கால் வைப்பது, மூச்சைப் பார்த்து நடப்பது, பாரம் இருக்கும்போது அவசரப்படாமல் திரும்புவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டவுனிலிருந்து வரும் ஆண்களுக்கே இது வராது. தோட்டக் கடைகள் பல ரோட்டுக்குக் கீழே, படி இறங்கிப் போகிற மாதிரி இருக்கும். அங்கே உங்கள் கால்தான் பெரிய உதவி.

ஏமாற்றுவது எங்கே என்றால், கூடையில் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், கயிறு தலையில் நிற்கும். மூட்டை ஒரேயடியாக வரும், இடுப்பில் நிற்கும். இரண்டுக்கும் வேறு வேறு தசை. பழைய கழுத்து வலி இருந்தால் மூட்டையைத் தலையில் வைக்கவே வேண்டாம்.

"லைசன் என்ன எடுக்கணும்? கார் லைசன் போதுமா?"

வாகனத்தின் மொத்த எடையைப் பொறுத்தது. மொத்த எடை என்றால் வாகனமும் சுமையும் சேர்த்து. 3,500 கிலோவுக்குள் இருந்தால் பி வகுப்பு போதும். நாம் டிமோ பட்டா என்று சொல்லும் சின்ன லொறி இதில் வரும். அதற்கு மேல் 17,000 கிலோ வரை சி1. பத்தரை அடி, பதினாலரை அடி என்று சொல்கிற விநியோக லொறிகளில் பெரும்பாலானவை சி1தான். அதற்கும் மேலே போனால் சி.

தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவனத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். சிங்களம் தெரியாது என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள்: "பி இருந்தா போதும், ஓட்டு, பார்த்துக்கலாம்" என்று சில முதலாளிமார் சி1 லொறியைக் கொடுப்பார்கள். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும். வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

"நேரா டிரைவரா சேரலாமா? கிளீனர் வேலையில இருந்துதான் தொடங்கணுமா?"

லைசன் கையில் இருந்தாலும் ஆறு மாதமாவது உதவியாளராகப் போங்கள் என்பது என் அபிப்பிராயம். இதில் என்னோடு சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. "ஆம்பளைன்னா நேரா சாவியைக் குடுப்பாங்களே" என்பார்கள். அது உண்மை, அநியாயமும்தான். ஆனாலும் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் சாமான் அடுக்குவது. அது ஓட்டும்போது தெரியாது, இறக்கும்போதுதான் தெரியும்.

கடைசிக் கடையின் சாமான் முதலில் ஏற வேண்டும். சீனியும் மாவும் கீழே, முன்பக்கமாக. பிஸ்கட்டும் முட்டையும் மேலே. சவர்க்காரம் மாவுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. மா மணத்தை இழுத்துக்கொள்ளும், ரொட்டி சுட்டால் சவர்க்காரம் மணக்கும், கடைக்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்புவார். பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வளைவில் லொறியும் அந்தப் பக்கம் இழுக்கும். இதெல்லாம் கையால் அடுக்கிப் பார்த்தவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே புரியும்.

"சம்பளம் எவ்வளவு கேக்கலாம்?"

சட்டத்தின்படி 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாள் சம்பளம் 1,200 ரூபாய். அதற்குக் கீழே யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெண் என்பதற்குத் தனிக் குறைந்த கணக்கு கிடையாது. சாரதிக்கு இதைவிட நிச்சயம் கூட இருக்க வேண்டும். பலர் அடிப்படைச் சம்பளமும், ட்ரிப்புக்கு ஒரு படியும், சாப்பாட்டுக் காசும் என்று பிரித்துக் கொடுப்பார்கள். எது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஈ.பீ.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டீ.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஈ.டீ.எப்.க்கு அவர் தனியாக 3 வீதம் போட வேண்டும். 30,000 என்றால் உங்களிடம் 2,400 ரூபாய், அவரிடமிருந்து 3,600, மேலும் 900. "கையில கூடத் தாரேன், ஈ.பீ.எப். வேணாம்" என்பது பழைய தந்திரம். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்த நம் அம்மாமாருக்குக் கடைசியில் கையில் கிடைத்தது அந்த ஈ.பீ.எப். காசுதான்.

"வழியில பாத்ரூமுக்கு என்ன செய்வீங்க? மாசத்துல அந்த நாள்ல?"

எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆண்கள் லொறியை ஓரமாக நிறுத்துவார்கள். நமக்கு அது முடியாது. அதனால் பலர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தேன். சிறுநீர் எரிச்சல், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் புத்தி வந்தது.

முதல் வாரத்திலேயே உங்கள் பாதையில் எங்கெங்கே நல்ல கழிப்பறை இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். பெற்றோல் செட், கோவில், பாடசாலைப் பக்கத்துக் கடை, தெரிந்த வீடு. கடைக்கார அக்காமாரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். நோர்வூட் பக்கம் ஒரு அக்கா எனக்கென்றே ஒரு வாளித் தண்ணீரை நிரப்பி வைப்பார். மாதவிடாய் நாளில் துவாய், மாற்று உடுப்பு, கறுப்புப் பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஒரு சின்னப் பையில் சீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். வலி கூடின நாளில் "இன்றைக்கு நான் பில் பார்க்கிறேன், நீங்க இறக்குங்க" என்று சொல்லுங்கள். இன்னொரு நாள் அவர் பங்கை நீங்கள் இறக்குவீர்கள். இப்படி மாறி மாறிச் செய்வதுதான் கூட்டு வேலை.

"எங்க வீட்ல விடமாட்டாங்க. லொறில போற பொம்பளைன்னு லயமே பேசும்."

பேசும். லயம் என்பது தோட்டத்து வரிசை வீடுகள், ஒரு வீட்டுப் பேச்சு எல்லா வீட்டுக்கும் போகும். என் அம்மாவும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் செய்தது ஒன்றுதான்: அம்மாவை ஒரு நாள் லொறியில் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளியிடம் கேட்டுத்தான். நடு சீட்டில் உட்கார்ந்து எல்லாக் கடையையும் பார்த்தார். மஸ்கெலியாவில் ஒரு கடை முதலாளி "உங்க மகளா? கணக்கு ஒரு சதம் பிசகாது" என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மா அதை ஒரு வாரம் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் யாருடைய வாய்க்கு மதிப்போ, அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

"மலை ரோட்டுல பாரத்தோட இறங்க பயமா இருக்கு."

பயம் இருக்கட்டும், அந்தப் பயம் போகவே வேண்டாம். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய சாரதிமார் சொல்வார்கள். பாரத்தோடு கினிகத்தேனை இறக்கத்திலோ ரம்பொடையிலோ பெரிய கியரில் விட்டுப் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் பிரேக் சூடாகும். முதலில் கருகின மணம் வரும், அப்புறம் மிதி இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் பிடிக்காது. அந்த மணம் வந்த உடனே ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றி எஞ்சினால் பிடியுங்கள், எக்ஸோஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினால் வேகத்தைக் குறைப்பது) இருந்தால் அதையும் போடுங்கள். நடு இறக்கத்தில் கியர் மாற்றப் போய், கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால் பெரிய ஆபத்து.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் செத்தார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். இவை நாம் போகிற வருகிற பாதைகள். அதனால்தான் "லேட் ஆச்சு, குறுக்கால போ" என்று போனில் கத்துகிறவருக்குப் பணிய வேண்டாம் என்கிறேன். மூடுபனியில் பெரிய லைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம் லைட்டில் ஊர்ந்து போங்கள், வளைவில் ஹோன் அடியுங்கள். ஒடுக்கமான இடத்தில் ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கட்டை வைக்காமல் யாரும் பின்கதவைத் திறக்கக் கூடாது. எங்கள் லொறியில் இது என் சட்டம்.

"சாமான் குறைஞ்சா நம்ம சம்பளத்துல வெட்டுறாங்களாமே?"

பல இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். தப்பிக்க ஒரே வழி எண்ணுவது. ஸ்டோரில் ஏற்றும்போது நீங்களே எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "அவசரம், நான் எண்ணிட்டேன்" என்று ஸ்டோர்க்காரர் சொன்னாலும் வேண்டாம். கடையில் இறக்கியதும் அவர் முன்னால் எண்ணி பில்லைப் போனில் படம் எடுங்கள். ஈரமான, கிழிந்த மூட்டையை ஏற்றும்போதே பில்லில் எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் காரணம் சொல்லாமல் வெட்டினால் பில்லையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம். முறைப்பாட்டுக்குக் காசு எடுக்க மாட்டார்கள். ஆனால் கடதாசி வேண்டும். சம்பளக் கேள்வியில் எழுத்தில் வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

"கூட வாறவன் தப்பா நடந்தா என்ன செய்ய? லொறிக்குள்ள ரெண்டு பேர்தானே?"

முதல் தடவையே சத்தமாக, பேரைச் சொல்லி, "இப்படிப் பேசாதீங்க" என்று சொல்லுங்கள். சிரித்து மழுப்ப வேண்டாம். அன்றைக்கே திகதியும் நேரமும் இடமும் எழுதி வையுங்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள், முதலாளிக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், வாயால் மட்டும் சொன்னால் பிறகு இல்லை என்பார். ஆளை மாற்றச் சொல்லுங்கள். உங்களை மாற்றுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கை வைத்தால் கடை பார்த்து நிறுத்தி இறங்குங்கள். சாமான் எப்படிப் போனாலும் பரவாயில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119. என் பாதையிலுள்ள கடைக்கார அக்காமார் நாலு பேருடைய இலக்கம் என் போனில் முதலில் இருக்கிறது. பகல் விநியோகத்தில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

"மழைக்கு மண்சரிவு வந்தா வேலைக்குப் போகாம இருக்கலாமா?"

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் ஆட்களையே வீட்டிலிருந்து வெளியேறச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே லொறி போகக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ரோடுகளே இல்லாமல் போனதை எல்லாரும் பார்த்தோம்.

இதில் எனக்குள்ளேயே ஒரு இழுபறி உண்டு, மறைக்க மாட்டேன். ரோடு மூடினால் முதலில் காலியாவது தோட்டக் கடைதான். அங்கே மா இல்லை என்றால் லயத்தில் ரொட்டி இல்லை. புயலுக்குப் பிறகு பாதி வழி வரை லொறி போய், அங்கிருந்து ஆட்கள் மூட்டையைப் பிரித்துப் பத்து பத்து கிலோவாகச் சுமந்து போனார்கள். பெண்கள்தான் அதிகம். நானும் சுமந்தேன். ஆனால் பாதை திறந்தது என்று கிராம சேவகரும் பொலிஸும் சொன்ன பிறகுதான் போனோம். மேட்டில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கின ஊற்றுத் தண்ணீர் கண்டால் லொறியைத் திருப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

"புள்ள வயித்துல வந்தா? வேலை போயிருமா?"

தெரிந்த நாளிலிருந்து மூட்டை வேலையை நிறுத்துங்கள். குலுங்கும் ரோட்டைப் பற்றி மருத்துவமாதுவிடம் கேளுங்கள். பில், ஸ்டோர், கணக்கு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். 84 நாள் சம்பளத்தோடு பிரசவ லீவு உங்கள் உரிமை, கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. ஈ.பீ.எப். இலக்கம் இருந்தால் நீங்கள் அங்கே வேலை செய்தவர் என்று காட்டுவதும் சுலபம்.

"எனக்கு 42 வயசு. இனி முடியுமா?"

முடியும். என்னோடு இப்போது உதவியாளராக வரும் அக்கா 44 வயதில் சேர்ந்தார். அவர் தனியாக மூட்டை தொடுவதில்லை, பலகையும் தள்ளுவண்டியும்தான். கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சீனி வியாதி, பிரஷர் இருந்தால் மருந்தை லொறியிலும் ஒரு பங்கு வையுங்கள்.

"நானே ஒரு லொறி எடுத்தா என்ன? லீசிங் குடுக்கிறாங்களே."

முதல் இரண்டு வருஷத்தில் வேண்டாம். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய லொறிகளின் விலை ஏறிப்போனது. அந்த விலைக்கு லீசிங் எடுத்துத் தவணைக்காகவே ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். தவணை கட்ட இரண்டு ட்ரிப் கூட்டுவார்கள், நித்திரை குறையும், டயர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு பட்டாவில் தொடங்குங்கள். லைசன் கேள்வியில் சொன்ன மாதிரி பி வகுப்பே போதும். மாதம் எத்தனை ட்ரிப் நிச்சயம் என்று கடைகளிடம் முதலில் பேசுங்கள், அந்த வருமானத்தில் பாதிக்குள் தவணை, டீசல், டயர், காப்புறுதி எல்லாம் அடங்குகிறதா என்று கணக்குப் போடுங்கள். வாங்கப் போகும் நாளில் தெரிந்த மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெறும் லொறியை ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். இருபது மூட்டை ஏற்றி, கொட்டகலை ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். நிறுத்தி மறுபடி எடுக்கும்போது கிளச் மணக்கிறதா, புகை எந்த நிறம் என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுங்கள்.